நாற்பத்தேழாம் நம்பரின் முதல் டின்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருடம் ஆகிறது. மகள் படித்து மீந்த நோட்டில் இரண்டு தடவை ஆரம்பித்து, இரண்டு தடவையும் அரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை வருமே என்ற கூச்சம் உண்டு. ஆனால் நிஜமான காரணம் அது இல்லை. நடந்த காரியத்தில் ஜெயித்தது நான். அதைச் சொன்னால், ஜெயித்த அன்றைக்கே ஆண்டவர் எனக்குக் காட்டித் தந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் கை வரவில்லை.

நாங்கள் தேனீ வளர்க்கிறவர்கள். குலசேகரத்திலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. அறுபது பெட்டி உண்டு. ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலையிலிருந்து வருகிறது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பழைய இலையெல்லாம் உதிர்ந்து, தளிர் விட்டு, அது முற்றி வருகிற சமயத்தில் காம்பில் தேன் கசியும். பிப்ரவரி நடுவில் தொடங்கினால் ஏப்ரல் வரைக்கும் ஓய்வில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை தேன் சேர்வதற்கென்று பெட்டிக்கு மேலே வைக்கிற மேல் அறையிலிருந்து சட்டங்களை உருவி, டிரம்மில் வைத்துச் சுற்றித் தேன் எடுப்போம். அதற்கு எடுப்பு என்று பேர். ஒரு வருடத்துக்கு ஐந்தாறு எடுப்பு வரும்.

முதல் எடுப்பை எங்கள் வீட்டில் விற்பதில்லை. என் கணவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அது முழுவதும் கோயிலுக்கு. கோயில் என்றால் எங்கள் சபையின் ஆலயம். இரண்டு டின் வரும். போதகர் ஜெபம் பண்ணி வாங்கிக்கொள்வார். கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை அதைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, பிள்ளை பெற்ற வீட்டுக்கும் நோயாளி கிடக்கிற வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். முதலில் வந்தது கர்த்தருக்கு, பிறகு வருவது நமக்கு. கல்யாணமாகி வந்த வருடம் அந்த டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் படி ஏறியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், மூத்த மகள் பிறந்தபோதுகூட அவ்வளவு இல்லை என்று விளையாட்டாகச் சொல்வேன்.

எங்கள் பக்கத்துத் தேன் எல்லாம் சங்கத்துக்குப் போகும். தேனீ வளர்க்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம். முன்பெல்லாம் டின்னைக் கொண்டுபோனால் எடை போட்டு, நோட்டில் பேரை எழுதி, பெரிய பீப்பாயில் கவிழ்த்துவிடுவார்கள். யாருடைய தேன் எது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. வெளியூர்க் கம்பெனி ஒன்று, எந்தத் தோட்டத்தில் எந்த நாளில் எடுத்த தேன் என்று சொல்ல முடிந்தால் முழுவதையும் வாங்கிக்கொள்கிறோம் என்றது. அப்போதுதான் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள பி.சி.ஏ. படித்த பெண் பிள்ளை ஒருத்தியும் வந்தாள்.

அன்றைக்குப் பிறகு எங்கள் பேர் போய் நம்பர் வந்தது. நான் நாற்பத்தேழு. பெட்டிக்குப் பெட்டி ஸ்டிக்கர், டின்னுக்கு டின் ஸ்டிக்கர். கறுப்புக் கட்டம் கட்டமாக இருக்கும். அந்தப் பிள்ளை போனை அதன்மேல் காட்டினால் எங்கள் தோட்டம், தேதி, எடை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் குழல் ஒன்று உண்டு. அதில் ஒரு சொட்டு விட்டு, தேனில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து அதையும் ஏற்றுவாள். ஒவ்வொரு டின்னிலிருந்தும் விரல் அளவு குப்பியில் கொஞ்சம் எடுத்து, அதே ஸ்டிக்கரை ஒட்டி அலமாரியில் வைப்பாள். அதன் பிறகுதான் தேன் பீப்பாய்க்குப் போகும்.

எனக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. வாய் வார்த்தைக்கு மரியாதை இல்லாமல் போகிறதே என்று நினைத்தேன். ஒரு நாள் அந்தப் பிள்ளை என் கணவரைக் கூப்பிட்டு, "மாமா, ஒங்க ஓடக்கரைப் பெட்டி பன்னெண்டுலயும் ரண்டு வருசமா தண்ணி கூடுதலாட்டு இருக்கு, எடையும் இல்ல. மேட்டுல கொண்டு வச்சுப் பாருங்களேன்" என்றாள். அவருக்கு முகம் சிவந்தது. முப்பது வருடமாகத் தேனீயோடு கிடக்கிறவருக்கு ஒரு சின்னப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதா என்று. நான்தான் கெஞ்சிக் கூத்தாடிப் பெட்டிகளை மாற்ற வைத்தேன். அடுத்த எடுப்பில் அந்தப் பன்னிரண்டும் மற்றவற்றைத் தாண்டிவிட்டன. "எண்ணிக்கிட்டே இருந்தா எல்லாருக்கும்தான் தெரியும்" என்று முனகினார். ஆனால் அதன் பிறகு டின் கொண்டுபோகிறபோதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஒரு சீப்புப் பழம் எடுத்துக்கொண்டு போனார்.

கம்ப்யூட்டர் வந்து மூன்றாவது வருடம், மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, எல்லா உறுப்பினர்களும் காலையில் வரவேண்டும் என்று போன் வந்தது. போனோம். சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற வாத்தியார், கம்பெனிக் கடிதத்தை வாசித்தார். அந்த வருடம் போன முதல் பீப்பாயைப் புதிய முறையில் பரிசோதித்ததில் சர்க்கரை கலந்திருக்கிறதாம். யாருடைய பெட்டியிலிருந்து வந்தது என்று இரண்டு வாரத்துக்குள் சொல்லாவிட்டால் இங்கிருந்து இனி ஒரு டின்கூட எடுக்க மாட்டார்களாம். தேன் வந்து குவிகிற சமயம். எல்லோர் வீட்டிலும் டின் நிறைந்து கிடக்கிறது. சங்க விதி எல்லோருக்கும் தெரியும். கலப்படம் செய்தவருடைய நம்பர் அழிக்கப்படும். பிறகு திரும்பச் சேர முடியாது.

செயலாளர் கையில் கம்ப்யூட்டரில் எடுத்த தாள்கள் இருந்தன.

"நாப்பத்தேழு யாரு?" என்றார். தெரியாமல் கேட்கவில்லை. அவரிடம்தான் என் மகள்கள் படித்தார்கள்.

"நாந்தான் சார்."

"எல்லாரும் பிப்ரவரி மூணாம் வாரம் மொத டின் கொண்டு வந்திருக்காவ. நீங்க மார்ச்சுலதான் வந்திருக்கிய. போன வருசமும் அப்பிடித்தான். அதுக்கு முந்தின வருசமும் அப்பிடித்தான். பக்கத்துத் தோட்டத்துல இருக்கிற பெட்டிக்கு வாற எடையைவிட ஒங்களுக்கு எப்பவும் ரண்டு டின் குறையுது. அந்தத் தேன் எங்க போவுது?"

"கோயிலுக்கு சார்."

பின்னாலிருந்து என் கணவருடைய சித்தப்பா மகன் குரல் கொடுத்தார். அவருக்கும் ஐம்பது பெட்டி உண்டு. "கோயிலுக்கா, கோட்டயத்து யாவாரிக்கா மைனி?"

சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. "நல்லதக் கூடுன வெலைக்கு அங்க குடுத்துட்டு, கொறஞ்ச எடைக்கு இஞ்ச சர்க்கரப் பாகு ஊத்துனா யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டர் இருக்கதுனால தெரிஞ்சு போச்சு."

என் கணவர் எழுந்துவிட்டார். "நம்பர அழிக்கணும்னா அழிச்சிக்கிடுங்க. கள்ளன்னு சொல்லாண்டாம்." நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். எனக்கு நம்பரைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சங்கத்தில் என்னைக் கள்ளி என்று எழுதினால், ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு கோயிலில் முன்வரிசையில் உட்காருவேன்? கோயில் பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள் என்று ஆகிவிடுமே.

செயலாளர் கெட்டவர் இல்லை. "நானாச் சொல்லல்லம்மா. இதுல இருக்கத வாசிக்கேன். கம்ப்யூட்டருக்கு ஒங்கமேல என்ன வெரோதம்?" என்றார். அந்தத் தாளில் இருந்ததெல்லாம் உண்மை. தேதி உண்மை, எடை உண்மை. தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது, எடைக்கு ஒரு கட்டம் இருந்தது. காரணத்துக்குக் கட்டம் இல்லை. அதனால் ஆளுக்கொரு காரணத்தை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

அப்போது கம்ப்யூட்டர் பிள்ளை எழுந்தாள். அந்தத் தாளை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். "சார், கோயிலுக்குக் குடுத்திருந்தா அங்க எழுதி வச்சிருப்பாவ இல்லியா? பாத்துட்டு வந்து சொல்லுகேன்" என்றாள்.

அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபம் பாதி, ஸ்கூட்டி பயம் பாதி. கோயில்பிள்ளை தோட்டத்துக் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "கம்ப்யூட்டருக்கே நம்ம நோட்டு வேண்டியிருக்கா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து பீரோவைத் திறந்தார்.

காணிக்கை நோட்டுகளை வருட வாரியாகக் கட்டி வைத்திருந்தார். முதல் மாம்பழம், முதல் வாழைக்குலை, முதல் முட்டை என்று யார் யார் என்ன கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு பிப்ரவரியிலும் என் கணவர் பேர், பக்கத்தில் "தேன், இரண்டு டின்" என்று, கோயில்பிள்ளையின் சாய்ந்த எழுத்தில். அந்தப் பிள்ளை ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தாள். மூன்று வருடத்துக்குத்தான் வேண்டும். அவள் பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். தேதிகளைப் பார்த்தால், எல்லோரும் சங்கத்துக்கு முதல் டின் கொண்டு போகிற அதே வாரம்.

எனக்கு அங்கேயே முழங்கால் போட வேண்டும்போல் இருந்தது. என் மேல் இருந்த பழி போயிற்று. ஆனால் அந்தப் பிள்ளை சந்தோஷப்படவில்லை. திரும்பி வருகிற வழியில் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"எக்கா, நீங்க மட்டுந்தான் மொத எடுப்பு சங்கத்துக்குத் தரல்ல. மத்த எல்லாரும் தருகாவ. அப்பிடித்தான?"

"ஆமா மக்களே" என்றேன். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கம்பெனி குத்தம் சொன்னது மொத பீப்பாய். அதுல இருக்கது முழுக்க மத்த எல்லாரோட மொத எடுப்பு. ஒங்க தேன் அதுல ஒரு சொட்டுகூட இல்ல."

எனக்குப் புரியவில்லை என்று கண்டு அவளே மேலே கேட்டாள்.

"மழக்காலத்துல தேனீக்கு என்ன குடுப்பிய?"

"சர்க்கரத் தண்ணிதான். தேங்காச் சிரட்டையில ஊத்தி வைப்போம். அந்நேரம் பூவும் இருக்காது, தளிரும் இருக்காது. குடுக்கல்லேன்னா ஈ பறந்து போயிரும்."

"எப்ப நிறுத்துவிய?"

"கிறிஸ்துமஸ் கழிஞ்சும் குடுப்போம். தேன் காலம் தொடங்குகதுக்கு முந்தி கூட்டம் பெலப்படாண்டாமா?"

"அப்ப மேல் அறை எப்ப வைப்பிய?"

"அப்பவே வச்சிருவோம்." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஈ என்ன செய்யும்? கொடுத்த பாகில் தின்றது போக மிச்சத்தை மேல் அறையில் கொண்டு சேர்த்து வைத்திருக்கிறது. அதன் மேலேதான் ரப்பர்த் தேன் வந்து விழுகிறது. முதல் எடுப்பில் இரண்டும் சேர்ந்து வருகிறது. ஒருத்தரும் கலக்கவில்லை. எல்லோர் பெட்டியிலும் கலந்திருக்கிறது. இரக்கப்பட்டு இரண்டு வாரம் கூடுதலாக ஊட்டியதால் வந்த வினை. எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும்தான் இப்படிச் செய்வார்கள். பிள்ளைக்கும் ஈக்கும் போதும் என்று சொல்லும்வரை ஊட்டிப் பழகியவர்கள்.

அந்தப் பிள்ளை சங்கத்துக்குப் போய் அலமாரியிலிருந்த குப்பிகளையெல்லாம் மேசையில் இறக்கினாள். முதல் எடுப்பு ஒரு வரிசை, இரண்டாம் எடுப்பு ஒரு வரிசை. என் நம்பருக்கு முதல் வரிசையில் இடம் காலியாக இருந்தது. எல்லாவற்றையும் கேரளத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரமும் சித்தப்பா மகன் ரோட்டில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நான் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன்.

அடுத்த வாரம் அதே அறையில் எல்லோரும் கூடினோம். செயலாளர் நம்பர் நம்பராக வாசித்தார். முதல் எடுப்பு: ஒன்று, சர்க்கரை. இரண்டு, சர்க்கரை. மூன்று, சர்க்கரை. வாசிக்க வாசிக்க ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். சித்தப்பா மகனுடைய நம்பர் வந்தது. சர்க்கரை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டாம் எடுப்பு. ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். அறையில் மூச்சு வந்தது. நாற்பத்தேழு வந்தபோது செயலாளர் தாளை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நாப்பத்தேழு தந்த எல்லா டின்னும் சுத்தம். அவங்கள மட்டும் நான் இஞ்ச எழுப்பி நிறுத்திக் கேட்டேன். அவங்க மட்டுந்தான் வேற மாதிரி இருந்தாவ. அதத் தப்புன்னு நெனச்சுப் போட்டேன். வேற மாதிரி இருந்ததுனாலதான் எல்லாருக்கும் வழி தெரிஞ்சிருக்கு. மன்னிச்சுக்கிடுங்கம்மா."

ஒரு வாத்தியார் என்னைப் பார்த்து அப்படிச் சொல்லுவார் என்று நான் நினைத்ததில்லை. என் கணவர்தான், "இரிங்க சார், இரிங்க" என்று அவரை உட்கார வைத்தார்.

சித்தப்பா மகன் கிட்டே வந்து நின்றார். "மைனி, ஒங்க ஆண்டவரு கம்ப்யூட்டரும் படிச்சிருக்காரு போல."

"ஒம்ம வாயத் தொறக்காம இருக்கவும் அவரு படிச்சுத் தரட்டும்" என்றேன். அன்றைக்கு அந்த அறையே சிரித்தது. இந்தத் தடவை நானும் சேர்ந்துதான்.

எல்லாக் குப்பிகளின் விவரமும், கோயில் நோட்டின் படமும் சேர்த்துக் கம்பெனிக்குப் போயிற்று. முதல் பீப்பாயைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். மற்ற எல்லாவற்றையும் அவர்கள் வாங்கினார்கள். தப்பை மறைக்காமல் தேதியோடு காட்டிய சங்கம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் இன்றைக்கும் சங்கத்துச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

இனிமேல் எழுத வேண்டியதுதான் எனக்குக் கடினம்.

அன்றைக்கு எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றேன். "மக்களே, எல்லாருக்கும் மொத எடுப்பில சர்க்கர இருந்தா, எங்க வீட்டு மொத எடுப்பு மட்டும் எப்பிடி இருக்கும்?" என்றேன். அவள் டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வராமல் இருந்திருக்கிறாள்.

கோயில் அலமாரியில் ஒரு குப்பி மீதி இருந்தது. அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அவளிடம் கொடுத்து, நாற்பத்தேழு என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பச் சொன்னேன். "எதுக்கு எக்கா, யாரும் கேக்கல்லியே" என்றாள். "நான் கேக்கேன்" என்றேன்.

சர்க்கரை இருந்தது. மற்றவர்களுடையதைப் போலவே.

அத்தனை வருடம் இடுப்பில் சுமந்துகொண்டு படி ஏறினேன். முதலில் வந்தது கர்த்தருக்கு என்று பெருமைப்பட்டேன். நான் அவருக்குக் கொடுத்தது பாகு கலந்த தேன். நல்லதையெல்லாம் விற்றுச் சாப்பிட்டது நாங்கள். வேதத்தில், நல்ல ஆட்டைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு ஊனமானதை ஆலயத்துக்குப் பலியாகக் கொண்டுவந்தவர்களைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித் தந்தபோது, இப்படியும் ஆட்கள் இருப்பார்களா என்று நினைத்தவள் நான்.

போதகரிடம் போய் அழுதேன். அவர் கேட்டுவிட்டு, "தெரிஞ்சா குடுத்திய?" என்றார்.

"இல்ல ஐயா."

"இப்பத் தெரிஞ்சு போச்சு. இனி தெரிஞ்சு குடுங்க." அவ்வளவுதான் சொன்னார். ஜெபம் பண்ணி அனுப்பினார். வெளியே கோயில்பிள்ளை காத்துக்கொண்டு நின்றார். "எனக்கு அந்தத் தேன்தான் பிடிக்கும். நல்ல இனிப்பாட்டு இருக்கும். இப்பத்தான் காரணம் தெரியுது" என்றார். அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன்.

அன்றைக்கே ஒரு தீர்மானம் செய்தேன். சங்கமும் ஒன்று செய்தது. இப்போது முதல் எடுப்பை யாரும் விற்பதில்லை. தனி டின்னில் மூடி வைத்து, மழைக்காலத்தில் ஈக்களுக்கே திருப்பிக் கொடுக்கிறோம். சர்க்கரை வாங்குகிறது பாதியாய்க் குறைந்தது. அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரில் இரண்டு புதிய கட்டம் போட்டாள். ஒன்று "ஈக்களுக்கு". இன்னொன்று "காணிக்கை". இனி எடை குறைந்தால் யாரையும் எழுப்பி நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே பதில் அங்கே இருக்கும். நான் மூன்றாம் எடுப்பிலிருந்து கொடுக்கிறேன். அதுதான் எங்கள் தேனில் எல்லாவற்றிலும் நல்லது, கெட்டியானது. அதைக் கொடுக்கும்போது கொஞ்சம் வலிக்கிறது. வலிப்பதால்தான் இது காணிக்கை என்று இப்போது தெரிகிறது.

முதல் வருடம் அந்தக் கட்டத்தில் நாற்பத்தேழு மட்டும்தான் இருந்தது. போன பங்குனியில் சங்கத்துக்குப் போனபோது அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். பத்துப் பன்னிரண்டு நம்பர் இருந்தது. கோயிலுக்கு, பக்கத்து ஊர் அய்யாவழிப் பதிக்கு, அம்மன் கோயிலுக்கு, பள்ளிவாசலுக்கு என்று. அதில் சித்தப்பா மகன் நம்பரும் இருந்தது. அவர் இதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய வெற்றி இந்த உலகத்தில் வேண்டாம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதை என்னை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறது. பக்கத்து ஊரில் ஒரு ஜெபக் கூட்டத்தில், கோயிலுக்குக் கொடுத்த தேனைப் பரிசோதித்தபோது அது மட்டும் அற்புதமாகச் சுத்தமாக இருந்தது என்று ஒருத்தர் சாட்சி சொன்னாராம். சந்தையில் வேறு மாதிரி. ஒருத்தி கடவுளுக்கே கலப்படத் தேன் கொடுத்து, கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டாளாம். இரண்டும் நடக்கவில்லை. நடந்தது இந்த நோட்டில் இருக்கிறதுதான்.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பிடித்திருந்தால் யாரிடமாவது சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவள் ஆக்குவதற்காகச் சர்க்கரையை எடுத்துவிட வேண்டாம். ஆண்டவரைப் பெரியவர் ஆக்குவதற்காக அற்புதம் சேர்க்கவும் வேண்டாம். எது எந்த எடுப்பில் வந்ததோ, அதை அந்த டின்னிலேயே வைத்துக் கைமாற்றுங்கள்.